முதல் ஸ்பிரிண்ட் டிரையத்லான்: ஓட்டத்தில் இழந்த நேரத்தை எங்கே தேடுவது?

கேள்வி – கடைசிவரிசை

வணக்கம். எனக்கு வயது 38. நான்கு ஆண்டுகளாக ஓடி வருகிறேன். சைக்கிள் இரண்டு ஆண்டுப் பழக்கம். நீச்சலை முறையாகக் கற்கத் தொடங்கிப் பதினான்கு மாதங்களே ஆகின்றன. மூன்று வாரங்களுக்கு முன் என் முதல் ஸ்பிரிண்ட் டிரையத்லானில் கலந்துகொண்டு, 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம் ஆகிய மூன்றையும் 1 மணி 51 நிமிடம் 40 விநாடியில் முடித்தேன். முடித்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் முடித்த விதம் மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

முதலில் நேரங்கள். நீச்சல் 22:40, முதல் டிரான்சிஷன் (ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததற்கு மாற ஆகும் நேரம்) 5:10, சைக்கிள் 44:15, இரண்டாம் டிரான்சிஷன் 3:05, ஓட்டம் 36:30. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக: 25 மீட்டர் குளத்தில் 750 மீட்டரை 17:30-இல் நீந்துவேன், தனியாக ஓடினால் 5 கி.மீ.க்கு 28 நிமிடம் ஆகும்.

நீச்சல் ஓர் ஏரியில் நடந்தது. ஊதல் ஒலித்ததும் எல்லோரும் பாய, நானும் கூட்டத்தின் நடுவிலேயே பாய்ந்தேன். தலையை நீருக்குள் வைத்தபோது பச்சைக் கலங்கலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நீட்டிய என் கையின் முழங்கைக்கு அப்பால் விரல்களே கண்ணுக்குப் படவில்லை. யாரோ ஒருவருடைய குதிகால் என் நீச்சல் கண்ணாடியில் இடித்தது. இடது பக்கத்தில் நீர் புகுந்தது. முதல் மிதவை சுமார் 150 மீட்டர் தொலைவில் இருந்தது. அதை எட்டுவதற்குள் மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, ஃப்ரீஸ்டைலை விட்டுவிட்டு மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு பாதுகாப்புப் படகைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றேன். மீதித் தூரத்தைப் பாதி தவளை நீச்சலிலும் பாதி ஃப்ரீஸ்டைலிலுமாகக் கடந்தேன். கரையேறியபோது கைக்கடிகாரம் 840 மீட்டர் என்று காட்டியது.

அந்த நேரத்தையெல்லாம் சைக்கிளில் பிடித்துவிட வேண்டும் என்ற வெறியுடன் ஏறினேன். 10 கி.மீ. சுற்றுப்பாதையில் இரண்டு சுற்று. முதல் சுற்றை 19:30-இல் முடித்து, முப்பது பேரையாவது தாண்டியிருப்பேன். இரண்டாவது சுற்றுக்கு 24:45 ஆயிற்று. தாண்டியவர்களில் பலர் என்னைத் திரும்பத் தாண்டினார்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் தண்ணீர் குடிக்கவில்லையே என்று நினைவு வந்து, ஓர் ஆற்றல் ஜெல்லையும் முழுப் புட்டித் தண்ணீரையும் ஒரே மூச்சில் விழுங்கினேன். சைக்கிளைத் தாங்கியில் மாட்டும் முன்பே ஹெல்மெட்டின் கொக்கியைக் கழற்றிவிட்டதால் ஒரு நடுவர் நிறுத்தி, அதைத் திரும்பப் போட்டுக்கொண்டு போகச் சொன்னார்.

ஓட்டத்தின் கிலோமீட்டர் நேரங்கள் இவை: 5:25, 6:50, 8:20, 8:25, 7:30. முதல் கிலோமீட்டரில் ஊர்ந்து போகிறேன் என்றே நினைத்தேன். இரண்டாவதில் விலாவில் பிடிப்பு. மூன்றிலும் நான்கிலும் நடந்ததே அதிகம்.

என்னுடன் பயிற்சி செய்பவர்கள் எல்லோரும், “ஓட்டம்தான் உன் பலவீனம், வாரத்தில் இன்னும் ஒரு நாள் கூடுதலாக ஓடு” என்கிறார்கள். அடுத்த போட்டிக்குப் பத்து வாரங்கள் உள்ளன. வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்க முடியும். ஓட்டத்தைக் கூட்டுவதுதான் சரியா, அல்லது வேறெங்காவது கவனம் செலுத்த வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் – முன்சக்கரம்

உங்கள் ஓட்டத்தின் மீது பழி போடாதீர்கள். 5 கி.மீ.யை 28 நிமிடத்தில் ஓடுபவரால், ஒழுங்காகச் சைக்கிள் ஓட்டிவிட்டு இறங்கினால், 30 அல்லது 31 நிமிடத்தில் ஓட முடியும். நீங்கள் ஓட்டத்தில் இழந்ததாக நினைக்கும் சுமார் ஆறு நிமிடங்களைச் செலவழித்த இடம் சைக்கிளின் முதல் சுற்று.

எண்களைப் பாருங்கள். முதல் சுற்றில் உங்கள் வேகம் மணிக்கு 30.8 கி.மீ.; இரண்டாவதில் 24.2; சராசரி 27.1. ஒரே பாதையை இரண்டு முறை சுற்றியிருக்கிறீர்கள், ஆகவே காற்றையோ மேட்டையோ காரணம் காட்ட வழியில்லை. சமதளத்தில் இந்த வேகங்களில் சைக்கிள்காரர் செலவிடும் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. அதற்குத் தேவையான திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். வேகம் இருமடங்கானால் திறன் எட்டு மடங்காக வேண்டும் என்று பொருள். 27.1-இல் சீராகப் போயிருந்தால் ஆகும் திறனோடு ஒப்பிட்டால், 30.8-இல் போகக் காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கொடுத்திருக்கிறீர்கள். அப்படிக் கொடுத்தும் 20 கி.மீ.க்கு ஆன மொத்த நேரம் அதே 44:15தான். முதல் சுற்றில் மிச்சம் பிடித்ததை இரண்டாம் சுற்றில் வட்டியோடு திருப்பிக் கட்டினீர்கள். அசல் ஓட்டத்தில் வசூலானது.

நீங்கள் எழுதியவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது, “ஊர்ந்து போகிறேன் என்றே நினைத்தேன்” என்ற வரி. ஊர்ந்ததாக நினைத்த அந்தக் கிலோமீட்டரை 5:25-இல் ஓடியிருக்கிறீர்கள். களைப்பே இல்லாமல் தனியாக ஓடும்போது உங்கள் சராசரி 5:36! டிரையத்லானில் புதியவர்கள் எல்லோருக்கும் நேர்வதுதான் இது. முக்கால் மணி நேரம் அந்த வேகத்தில் காட்சிகள் பின்னால் ஓடுவதைப் பார்த்துப் பழகிய கண், ஓட்டத்தின் வேகத்தை நடையாகவே எடைபோடுகிறது. காலும் பெடல் சுழற்றிய அதே விரைவில் அடி எடுத்து வைக்கப் பார்க்கிறது. எனவே சைக்கிளிலிருந்து இறங்கிய முதல் கிலோமீட்டரில் உணர்வை நம்பவே கூடாது; கடிகாரத்தை நம்புங்கள். உங்களுக்கு அந்தக் கிலோமீட்டர் 6:00-க்குக் குறையக் கூடாது.

இதற்கான மருந்து பிரிக் பயிற்சி, அதாவது சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு ஓடுவது. நீண்ட ஓட்டம் தேவையில்லை. வாரம் ஒரு முறை 45 நிமிடம் சைக்கிள், இறங்கியவுடன் 10 முதல் 15 நிமிட ஓட்டம், அதுவும் முதல் கிலோமீட்டரை வேண்டுமென்றே 6:00-க்குக் கட்டுப்படுத்தி. சைக்கிளில் குனிந்து உட்கார்ந்து இடுப்பின் முன்தசைகள் சுருங்கியிருக்கும். அதுவரை தரையின் அதிர்வைத் தாங்காமல் சுழன்றுகொண்டிருந்த தொடைக்கு, திடீரென ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கும் வேலை வருகிறது. மரக்கால் போன்ற அந்த உணர்வு ஐந்தாறு பிரிக் பயிற்சிகளுக்குப் பின் சட்டென்று விலகத் தொடங்கும். போட்டியில் கடைசி ஒரு கிலோமீட்டரில் கியரை இலகுவாக்கி, நிமிடத்துக்கு 90 சுற்று அளவில் கால்களைச் சுழலவிட்டு இறங்குங்கள்.

தண்ணீர் விஷயம் தனி. இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட போட்டியில், இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு ஜெல் கட்டாயமே இல்லை. வேண்டுமானால் சைக்கிளின் முதல் பாதியில் எடுத்துக்கொண்டு, தண்ணீரைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மிடறாகக் குடியுங்கள். முழுப் புட்டியை வயிற்றில் குலுக்கிக்கொண்டு ஓடினால் விலா பிடிக்காமல் என்ன செய்யும்?


பதில் – ஆழ்நீர்

முன்சக்கரம் சைக்கிள் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறார். ஆனால் அந்த வெறித்தனமான முதல் சுற்று ஏன் நிகழ்ந்தது என்று அவர் கேட்கவில்லை. அதற்கான காரணம் முதல் மிதவைக்கு முன்பே தொடங்கிவிட்டது. பெரியவர்களுக்கு நீச்சல் கற்பித்து வருபவள் என்ற முறையில், இதே கதையை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன்.

உங்கள் 22:40-ஐப் பிரித்துப் பார்ப்போம். குளத்தில் உங்கள் வேகம் 100 மீட்டருக்கு 2:20. அதே வேகத்தில் 840 மீட்டருக்கு 19:36 ஆகும். ஆகவே, கடிகாரத்தை நம்பினால், கோணல் வழியில் போனதற்கு ஏறத்தாழ இரண்டு நிமிடமும், திணறலுக்கு மூன்று நிமிடமும் பறிபோயிருக்கின்றன. மணிக்கட்டு நீருக்குள் மூழ்கி எழும் ஒவ்வொரு முறையும் ஜிபிஎஸ் தடுமாறும் என்பதால், இதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். மேலும் 25 மீட்டர் குளத்தில் 750 மீட்டர் நீந்தினால், சுவரை உதைத்துத் தள்ளும் வாய்ப்பு 29 முறை கிடைக்கிறது. ஏரியில் ஒரு சுவர்கூட இல்லை. எனவே 17:30-ஐ ஏரியில் எதிர்பார்க்கவே வேண்டாம். 19:30 வந்தால் மிக நன்று.

திணறலுக்கு வருகிறேன். மூச்சு முட்டுகிறது என்றால் காற்று போதவில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில், மூச்சை இழு என்று உடலைத் துரத்துவது முதன்மையாக இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. பதற்றத்தில் முகத்தை நீருக்குள் வைத்ததும் மூச்சை அடக்கிக்கொள்கிறோம், தலையைத் திருப்பும் அரை விநாடிக்குள் வெளிவிடுவதையும் உள்ளிழுப்பதையும் சேர்த்துச் செய்யப் பார்க்கிறோம், இரண்டுமே அரைகுறையாகின்றன. முகம் நீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் விடாமல் ஊதிக்கொண்டிருப்பதே தீர்வு. என் மாணவர்களை நீருக்குள் முனகச் சொல்வேன்: ‘ம்ம்ம்’ என்ற ஒலி காதில் கேட்கும்வரை மூச்சு வெளியே போகிறது, ஒலி நின்றால் அடக்குகிறீர்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும், கலங்கல் நீரில் கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது காதுக்கு ஒரு வேலை கிடைப்பதால் மனமும் அடங்குகிறது.

நீர் குளத்தைவிடக் குளிர்ந்திருந்தால் இதற்கு மேல் ஒரு சுமை உண்டு. குளிர்ந்த நீரில் திடீரென இறங்கும்போது தோல் தருகிற அதிர்ச்சியால் மூச்சு கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். ஓரிரு நிமிடத்தில் தானாகத் தணியும். நீங்கள் அந்த ஓரிரு நிமிடத்தையே முழு வேகத்தில் நீந்தியிருக்கிறீர்கள். அடுத்த முறை, அனுமதி இருந்தால், தொடக்கத்துக்குப் பத்து நிமிடம் முன்பே இறங்கி முகத்தை நனைத்து, ஐம்பது மீட்டர் நீந்திவிட்டு வாருங்கள். கூட்டத்தின் ஓரத்தில், பின்வரிசையில் நின்று, ஊதலுக்குப் பின் பத்து விநாடி பொறுத்துப் புறப்படுங்கள். பத்து விநாடியை இழந்து மூன்று நிமிடத்தைக் காப்பாற்றுவதில் என்ன நட்டம்?

நேராக நீந்துவதற்குப் பயிற்சி எளிது. குளத்தில் யாரும் இல்லாத தடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எட்டுக் கை வீசிவிட்டுத் திறந்து பாருங்கள். எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும். பிறகு, எட்டுக் கைக்கு ஒரு முறை முதலையைப் போலக் கண்களை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவந்து மிதவையைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் பக்கவாட்டில் மூச்சு எடுக்கப் பழகுங்கள். பார்ப்பதையும் மூச்சு வாங்குவதையும் ஒரே தூக்கலில் செய்பவர்களுக்கு இடுப்பும் காலும் தாழ்ந்துபோகின்றன. முன்னால் போகிறவரின் காலுக்குப் பின்னால், குமிழிகள் தெரியும் தூரத்தில் ஒட்டிக்கொண்டு நீந்துவதற்கு விதியில் தடையில்லை. உழைப்பும் கணிசமாகக் குறையும். அவர் நேராகப் போகிறாரா என்பதை மட்டும் அவ்வப்போது நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறு மணி நேரத்தில் மூன்று நீச்சலை வையுங்கள் என்பது என் கருத்து. திறந்த நீரில் ஒருபோதும் தனியாக இறங்காதீர்கள்.


பதில் – கொடிக்காரர்

நான் போட்டியாளன் அல்லன். சில ஆண்டுகளாக டிரான்சிஷன் பகுதியில் தன்னார்வலராக நிற்பவன். ஆகவே உங்கள் நேரப் பட்டியலில் என் கண்ணில் முதலில் பட்டது 5:10-உம் 3:05-உம். இரண்டும் சேர்ந்து 8:15. உங்கள் கேள்வியில் நீங்கள் அவற்றைப் பொருட்படுத்தவே இல்லை!

கரையிலிருந்து வந்து, உட்கார்ந்து, மணல் ஒட்டிய ஈரக்காலில் காலுறையை இழுத்து மாட்ட முயன்று, குதிகால் பகுதி பாதத்தின் மேல்பக்கம் வந்துவிட, கழற்றித் திரும்ப மாட்டுபவர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன். காலுறை வேண்டும் என்றால், விரல் நுனிவரை முன்கூட்டியே சுருட்டி, உள்ளே சற்று முகப்பவுடர் தூவி வையுங்கள். காலைத் துடைக்க ஒரு சிறு துண்டு போதும். ஷூ நாடாவை எடுத்துவிட்டு எலாஸ்டிக் நாடா போடுங்கள். ஹெல்மெட்டைக் கைப்பிடியின் மேல் மல்லாத்தி, பட்டைகள் இருபுறமும் வெளியே தொங்கும்படி வைத்தால், எடுத்துத் தலையில் கவிழ்த்ததும் கொக்கி கைக்கு வரும். எலாஸ்டிக் நாடாவும் இருபது முறை ஒத்திகையும் இருந்தால், 5:10-ஐ 2:30 ஆகவும் 3:05-ஐ 1:15 ஆகவும் குறைத்துவிடலாம். உங்கள் இருதயத் துடிப்பைச் சிறிதும் கூட்டாமல் நாலரை நிமிடம் கிடைக்கிறது. ஓடுதூரம் அதிகமுள்ள டிரான்சிஷன் பகுதியாக இருந்தால் இந்தக் கணக்கு சற்று மாறும்.

ஹெல்மெட் விதியை மட்டும் ஒரு முறை மனப்பாடம் செய்துவிடுங்கள்: சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கும் முன் கொக்கி மாட்டியிருக்க வேண்டும், சைக்கிளைத் திரும்ப மாட்டிய பிறகே கழற்ற வேண்டும். உள்ளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மட்டுமே போகலாம். ஏறும் கோட்டைத் தாண்டி ஏறி, இறங்கும் கோட்டுக்கு முன் இறங்க வேண்டும். வேலிக்கு வெளியே நிற்கும் குடும்பத்தாரிடம் எதையும் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. காலையில் உங்கள் தாங்கி எத்தனையாவது வரிசை என்று, நீர்ப்பக்க வாயிலிலிருந்து ஒரு முறையும் சைக்கிள் வாயிலிலிருந்து ஒரு முறையும் நடந்து எண்ணிக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான சைக்கிள்களுக்கு நடுவே தன்னுடையதைத் தேடி அலைபவரின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒரு சிறு செய்தி. 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் பே என்ற இடத்தில் டிரையத்லான் என்ற பெயரில் முதல் போட்டி நடந்தபோது, ஓட்டம் முதலிலும் நீச்சல் கடைசியிலும் வைக்கப்பட்டிருந்தன. களைத்துப்போன மனிதர்களைத் தண்ணீரில் இறக்குவதன் ஆபத்தை நினைத்தால், இப்போதைய வரிசையே மேல். உங்கள் முதல் மிதவை அனுபவத்தை ஓட்டத்துக்குப் பின் கற்பனை செய்து பாருங்கள்.


கடைசிவரிசை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் கிலோமீட்டர் 5:25 என்பதைப் பல முறை பார்த்தும், அது என் தனி ஓட்டத்தைவிட வேகமானது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்று ஐயங்கள். ஆழ்நீர் அவர்களே, தொடக்கத்தில் முதல் நூறு மீட்டரைத் தவளை நீச்சலிலேயே போனால் தவறா? படகைப் பிடித்துக்கொண்டு நின்றது விதிமீறல் என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா? வெட்சூட் (உடலோடு ஒட்டிய ரப்பர் நீச்சலுடை) வாங்கினால் பயம் குறையும் என்கிறார்களே, வாங்கலாமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கரையேறிய பிறகு சைக்கிளில் ஏறும்வரை இருமிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் விழுங்கியதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.


பதில் – ஆழ்நீர்

இருமலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விழுங்கிய நீரால் வந்த இருமலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் நீந்தும்போது நுரையீரலுக்குள் நீர் கசிந்து தேங்கும் ஒரு நிலை உண்டு. வெளிநீர் உள்ளே போகாமலேயே, உடலின் சொந்த நீர்மம் கசிவதால் வருவது அது. உழைப்புக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல், நிற்காத இருமல், நுரையுடன் கூடிய அல்லது இளஞ்சிவப்பான சளி ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் ஏதாவது இருந்திருந்தால், அல்லது நெஞ்சில் இறுக்கம் இருந்திருந்தால், அடுத்த பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரையிலான டிரையத்லான்களை ஆராய்ந்தவர்கள், உயிரிழப்புகளும் உயிர் மீட்கப்பட்ட இதய நிறுத்தங்களுமாக 135 நிகழ்வுகளைக் கண்டார்கள். அவற்றில் 90 நீச்சலின்போது நிகழ்ந்தவை. ஒரு லட்சம் பங்கேற்பாளர்களுக்கு இரண்டுக்கும் குறைவு என்பதால் இது அரிதுதான். ஆனாலும் 38 வயதில், கடும் போட்டிக்குத் திரும்பும் முன் ஓர் இதயப் பரிசோதனை செய்துகொள்வதில் தயக்கம் வேண்டாம்.

தவளை நீச்சல் தவறே இல்லை. எந்த வகை நீச்சலுக்கும் அனுமதி உண்டு. ஆனால் அந்த உதை பக்கவாட்டில் விரிந்து அடுத்தவரின் முகத்தைப் பதம்பார்க்கும் என்பதால் ஓரத்துக்குப் போய்விடுங்கள். படகையோ மிதவையையோ பிடித்து ஓய்வெடுக்கலாம். அதைப் பயன்படுத்தி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். நீங்கள் செய்தது விதிக்கு உட்பட்டது, அறிவுடைமையும்கூட.

வெட்சூட் காலைத் தூக்கிப் பிடிக்கும், வேகமும் தரும். ஆனால் அதை நம்பிப் பயிற்சி செய்யாதீர்கள். உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி, வயதுப்பிரிவுப் போட்டியாளர்களுக்கு (உங்களைப் போன்ற தொழில்முறை அல்லாதவர்களுக்கு) 1,500 மீட்டர் வரையிலான நீச்சலில், நீரின் வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெட்சூட்டுக்குத் தடை. போட்டியன்று காலையில்தான் அந்த முடிவு தெரியும். மேலும், கழுத்தில் இறுக்கமான வெட்சூட்டை முதல் முறையாகப் போட்டுக்கொண்டு வந்து, அதனாலேயே மூச்சு முட்டிப் போனவர்களை நான் அறிவேன்.


பதில் – முன்சக்கரம்

மூன்று நீச்சல் என்பதில் மட்டும் நான் உடன்படவில்லை. பத்து வாரத்தில் 100 மீட்டருக்கு ஐந்து விநாடி முன்னேறினாலும் கிடைப்பது நாற்பது விநாடிக்கும் குறைவு. திணறலைப் போக்க ஏரி வேண்டும். குளத்தில் மூன்றாம் நாள் வேண்டியதில்லை. ஒரு நாள் குளம், ஒரு நாள் ஏரி, இரண்டு நாள் சைக்கிள் (ஒன்று பிரிக்), ஒரு நாள் தனி ஓட்டம் என்று வைத்தால் ஆறு மணி நேரம் சரியாக நிரம்பும். ஆழ்நீர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

வேகக் கட்டுப்பாடு புதியவர்களின் சிக்கல் மட்டுமல்ல. 2016-இல் மெக்சிகோவின் கோசுமெலில் நடந்த உலக டிரையத்லான் தொடரின் இறுதிப் போட்டியில், முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த பிரிட்டன் வீரர் ஜானி பிரவுன்லீ, கடைசி சில நூறு மீட்டரில் வெப்பத்தில் தள்ளாடி நிற்க, அண்ணன் அலிஸ்டர் தோள்கொடுத்து அவரைக் கோட்டைத் தாண்டத் தள்ளிவிட்டதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வெற்றி, இருவரையும் தாண்டிப் போன தென்னாப்பிரிக்க வீரர் ஹென்றி ஸ்கூமனுக்கு. ஒலிம்பிக் பதக்கம் வென்றவருக்கே அந்த நிலை.


பதில் – ஆழ்நீர்

கோபமில்லை. ஏரி நாள் உறுதியாக இருந்தால் இரண்டு போதும். மழை, காற்று என்று ஏரி நாள் தவறினால் அந்த வாரம் குளத்தில் இரண்டு முறை, சுவரைத் தொடாமல் திரும்பி நீந்திப் பழகட்டும்.


கடைசிவரிசை

நான்கு வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். மருத்துவரைப் பார்த்தேன், சோதனைகளில் குறையொன்றும் இல்லை. ஏரியில் இருவர் துணையுடன் நான்கு முறை நீந்தியாயிற்று. முதல் முறை முனகல் பத்துக் கைக்குள் நின்றுவிட்டது; நேற்று முதல் மிதவைவரை நிற்காமல் கேட்டது. பிரிக் பயிற்சியில் நேற்று முன்தினம் சைக்கிளை மணிக்கு 27-இல் சீராக ஓட்டிவிட்டு இறங்கினேன். முதல் கிலோமீட்டர் 6:04. என்னை ஒரு முதியவர் நடந்தே தாண்டிவிடுவார் போல் கூச்சமாக இருந்தது. இரண்டாவது கிலோமீட்டர் 5:58. விலா பிடிக்கவில்லை.

கொடிக்காரர் அவர்களுக்கு ஒரு கேள்வி. எண் அட்டையைச் சட்டையில் ஊசியால் குத்திக்கொள்வதற்குப் பதில், எலாஸ்டிக் இடுப்புப்பட்டையில் மாட்டலாமா?


பதில் – கொடிக்காரர்

தாராளமாக மாட்டலாம், அதுதான் வசதி. சைக்கிளில் எண் முதுகுப்பக்கமும் ஓட்டத்தில் முன்பக்கமும் தெரிய வேண்டும் என்பதே பெரும்பாலான போட்டிகளின் வழக்கம் என்பதால், ஷூ போட்டுக்கொண்டு ஓடத் தொடங்கிய பிறகு பட்டையை அப்படியே சுழற்றிவிட்டால் போதும், அதற்காக நிற்க வேண்டியதில்லை. அட்டையின் ஓட்டைகள் காற்றில் கிழிந்துவிடுகின்றன. முந்தின நாளே ஓட்டைகளைச் சுற்றி இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள்.